கண்டவர் சொல்லும் காணாதவர் செவியும்

ஒருவர் தனியே நின்று ஒன்றைக் காண்கிறார். அவ்விடத்தில் அது இருக்குமென எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கணப்பொழுதில் அது மறைந்தும் விடுகிறது. எஞ்சுவது அவருடைய சொல் மட்டுமே. அந்தச் சொல்லை நாம் என்ன செய்வது? நம்புவதா, நகைப்பதா, ஒத்திவைப்பதா? நீதிமன்றத்திலும் பள்ளிவாசலிலும் விஞ்ஞானக் கூடத்திலும் ஓயாது எழுகின்ற இக்கேள்வியைப் பறவை பார்ப்போரின் சிறிய உலகத்தில் வைத்து ஆராய்வது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் பெரிய வழக்குகளிலே அச்சமும் ஆத்திரமும் சுயநலமும் புகுந்து கேள்வியின் உருவத்தையே மறைத்துவிடுகின்றன. ஒரு குருவியின் விஷயத்தில் யாருக்கும் அவ்வளவு நட்டமில்லை. ஆகையால் அங்கே கேள்வி தெளிவாகத் தெரிகிறது. முதலில் அதனைப் பார்த்துவிட்டுப் பின்னர் பெரிய வழக்குகளுக்கு வருவோம்.

ஐப்பசி மாதத்து வைகறையொன்றில், கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ, நெருக்கமாகக் கட்டிய மதில்களுக்கிடையே தப்பிக் கிடக்கும் சிறு பூங்காவொன்றில் ஒரு மாணவி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காகம், மைனா, செண்பகம், கடற்கரைப் பக்கமிருந்து வட்டமிட்டு வரும் பருந்து: அவள் நாள்தோறும் எழுதி வருகின்ற பட்டியல் ஏறக்குறைய இவ்வளவுதான். அன்றைக்கு வேலியோரத்துச் சருகினுள் ஒரு சாண் நீளமுமில்லாத பறவையொன்று தத்தித் தத்திப் போகிறது. பச்சை முதுகு, கண்ணை ஊடறுத்துச் செல்லும் கருங்கோடு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, சிறகு மடிப்பிலே பளிச்சிடும் நீலம், வாலோ வெட்டிவிட்டாற் போன்ற குட்டை. அவள் மூச்சை அடக்கி நிற்கும்போதே தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமுகிறது. பறவை புதருக்குள் நுழைந்துவிடுகிறது. வகுப்பிலே போய்ச் சொல்கிறாள். வகுப்பு சிரிக்கிறது. அப்படியொரு பறவை இந்த ஊரில் ஏது?

அவள் கண்டது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை அண்டிக் குரல் கொடுப்பதால் அதற்கு அப்பெயர். (கடிகாரத்தின் கணக்கிலே வழங்குவதால் இது மிகப் பழைய பெயராக இராதென்பது நம் ஊகம், வேலைக்குப் புறப்படும் மனிதனும் வேலை முடிந்து திரும்பும் மனிதனும் சூட்டிய பெயர் போலும்.) வட இந்தியாவில் ஒன்பது நிறம் எனப் பொருள்பட அதனை ‘நவ்ரங்’ என்பர். இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய, மேற்கு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டுவது. மாரிக்கு முன்னதாகத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, கோடையின் தொடக்கத்தில் திரும்பிச் செல்வது. அது பயணம் செய்வது இரவில். நெடுந்தொலைவு பறந்து, களைத்து, விடியும்போது எந்தப் பச்சை கண்ணில் படுகிறதோ அங்கே இறங்கிவிடும். இதனாலேயே காட்டு நிழலில் ஒதுங்கி வாழும் இப்பறவை ஒக்டோபர் மாதங்களில் நகரத்துத் தோட்டங்களிலும், சில வேளைகளில் விளக்கெரியும் வீடுகளுக்குள்ளேயும் காணப்படுகிறது.

ஆகவே பறவையியல் அறிந்தவருக்கு அதில் வியப்பில்லை. வியப்பு வகுப்புக்கு மட்டுமே. எதிர்பாராத பறவை என்று நாம் சொல்லும்போது பறவையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. நம் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதையே சொல்கிறோம். டேவிட் ஹியூம் என்ற ஸ்கொட்லாந்துத் தத்துவ ஆசிரியர் 1748இல் வெளியிட்ட நூலில் இந்திய இளவரசர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறார். தண்ணீர் குளிரில் உறைந்து கல்லாகிவிடும் என்று முதன்முறை கேள்விப்பட்டபோது அவர் நம்ப மறுத்தாராம். அவர் நியாயமாகவே நடந்துகொண்டார் என்பது ஹியூமின் தீர்ப்பு. தாம் கண்டறிந்த உலகத்துக்கு முற்றிலும் அப்பாற்பட்ட ஒன்றை ஏற்பதற்கு மிக வலுவான சாட்சியம் வேண்டுமென்று இளவரசர் கேட்டது தவறல்லவாம். நியாயமாக இருக்கலாம். ஆனால் பனிக்கட்டி அந்த நியாயத்துக்காகக் காத்திருக்கவில்லை. இளவரசர் நம்பாதிருந்த நாளிலும் வட நாடுகளின் ஏரிகள் உறைந்தே கிடந்தன. நம்மிடமுள்ள அனுபவத்தை அளவுகோலாகக் கொள்ளாமல் நமக்கு வேறு வழியில்லை. அந்த அளவுகோலோ என்றும் குட்டையானது. இந்த இடுக்கணிலிருந்து தப்புவதற்குக் கண்டவரும் கேட்பவரும் ஆளுக்கொரு கடமையை ஏற்க வேண்டியிருக்கிறது.

கண்டவரின் கடமையை எடுத்துக்காட்ட நம் நாட்டிலேயே சிறந்ததோர் உதாரணம் உண்டு. 1995ஆம் ஆண்டு தீபால் வாரகாகொட கித்துல்கலைப் பகுதியின் மழைக்காட்டில் இரவு நேரத்தில் ஒரு குரலைக் கேட்டார். இலங்கைப் பறவைகளின் குரல்களை நுணுகி அறிந்தவர் அவர். அந்தக் குரல் அவர் அறிந்த எதனோடும் பொருந்தவில்லை. புதிய பறவையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அடுத்த நாளே முழங்கியிருக்கலாம். உலகம் செவி சாய்த்தும் இருக்கும். அவர் அதனைச் செய்யவில்லை. குரலைத் தேடிக்கொண்டே இருந்தார். 2001 ஜனவரி 23ஆம் நாள் சிங்கராஜ வனத்தில் அந்தச் சிறிய செந்நிற ஆந்தையைக் கண்ணாற் கண்டார். 2004இல் பமீலா ராஸ்முசென் என்ற பறவையியலாருடன் சேர்ந்து விஞ்ஞான முறைப்படி அதனை விவரித்து வெளியிட்டார். இலங்கையிலிருந்து விஞ்ஞானத்துக்கு முற்றிலும் புதிதான பறவையொன்று கிடைத்தது 1868க்குப் பிறகு அதுவே முதல் முறை. சிங்கராஜ வனம் மரத்துக்காக வெட்டப்படுவதை எதிர்த்துப் போராடிய திலோ ஹொஃப்மனின் பெயர் அந்த ஆந்தைக்கு வைக்கப்பட்டது.

கேட்டதற்கும் கண்டதற்கும் இடையே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளில் வாரகாகொடவிடம் இருந்தது ஓர் உறுதி. ஆனால் பிறரிடம் ஒப்படைக்கத்தக்க உண்மை இன்னும் அவரிடம் இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து நடப்பதுதான் சாட்சி சொல்பவனின் ஒழுக்கம் என்று நாம் கருதுகின்றோம். பறவை பார்ப்போரிடையே நல்ல பழக்கமொன்று உண்டு. புதிய பறவையைக் கண்டால் முதலில் குறிப்பேட்டைத் திறந்து, கண்ணுக்குப் பட்டதை மட்டும் எழுதிவிட வேண்டும். அதன் பிறகுதான் படம் போட்ட நூலைத் திறக்கலாம். நூலை முதலில் திறந்தால், காணாத கோடும் கண்டதாகத் தோன்றத் தொடங்கிவிடும். ‘பச்சை முதுகு’ என்பது கண்டது. ‘ஆறுமணிக்குருவி’ என்பது முடிவு. இவற்றைக் கலவாமல் தனித்தனியே எழுதுகிறவரின் முடிவு தவறாயினும் அவருடைய குறிப்பு பிறருக்குப் பயன்படும். இரண்டையும் கலந்து எழுதுகிறவரின் முடிவு சரியாக இருந்தாலுங்கூட நாம் அதனைச் சோதிக்க இயலாது.

இங்கே இன்னொன்றையும் சொல்லாதிருக்க முடியவில்லை. சிங்கராஜ வனத்தின் ஓரத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள். அந்த ஆந்தையின் குரலை அவர்களில் ஒருவரேனும் கேட்டிருக்கமாட்டாரா? கேட்டிருப்பார். அதனை எழுதிக்கொள்ள யாரும் அவரிடம் வந்திருக்கமாட்டார்கள். வாரகாகொடவின் பெருமையை இது குறைக்காது. விஞ்ஞானத்தின் பதிவேடு எவருடைய செவிகளால் எழுதப்பட்டு வந்திருக்கிறது என்பதையே இது நினைவூட்டுகிறது.

இனிப் பொய்ச்சாட்சியின் கதைக்கு வருவோம். இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்றொரு பட்டினம். 1892 முதல் 1930 வரையான காலத்தில் அப்பட்டினத்தைச் சுற்றிய சிறு வட்டாரத்தில் மட்டும் நம்பமுடியாத எண்ணிக்கையில் அரிய பறவைகள் சுடப்பட்டதாகப் பதிவாயிற்று. அவற்றுட் பெரும்பாலானவை ஜோர்ஜ் பிறிஸ்டோ என்ற, பறவைகளுக்குப் பஞ்சடைத்துப் பாடம் செய்யும் தொழிலாளியின் கடை வழியாக வந்தவை. 1962 ஓகஸ்ட் மாதத்தில் ‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ என்ற ஏடு இந்தப் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டது. ஜோன் நெல்டர் என்ற புள்ளிவிவர அறிஞர் ஹேஸ்டிங்ஸ் வட்டாரத்தின் தொகைகளை அயல் வட்டாரங்களின் தொகைகளோடும் பிற்காலத்துத் தொகைகளோடும் ஒப்பிட்டு, இவ்வளவு அதிர்ஷ்டம் இயற்கையில் நிகழாது என்று காட்டினார். 29 இனங்களும் உபஇனங்களும் பிரித்தானியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பிறிஸ்டோ 1947இலேயே இறந்துவிட்டார். மறுமொழி சொல்ல அவர் இல்லை. அவருக்காக வாதாடி 1968இல் ஜேம்ஸ் ஹரிசன் ஒரு நூலே எழுதினார்.

பொய் ஏன் பிறந்தது? செல்வந்தச் சேகரிப்பாளர்கள் பிரித்தானிய மண்ணில் சுடப்பட்ட அரிய பறவைக்குப் பெரும் விலை கொடுத்தார்கள். அதே இனம் வேற்று நாட்டில் சுடப்பட்டிருந்தால் மலிவு. இறகு ஒன்றே, எலும்பு ஒன்றே. விலையை நிர்ணயித்தது காலிலே கட்டிய சீட்டு. பறவை சரக்காகிய உடனே சாட்சியமும் சரக்காகிவிட்டது. பஞ்சடைத்தவரைக் குற்றவாளியென ஏடுகள் எழுதின. அவருக்கு அந்தச் சந்தையைத் திறந்து வைத்த கனவான்களைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. இது நம் தனிப்பட்ட ஆதங்கம்.

இந்த வழக்கின் பிற்பகுதிதான் தத்துவ நோக்கில் மிகுந்த சுவையுடையது. நீக்கப்பட்ட இனங்களுட் பெரும்பாலானவை பின்னர் உண்மையாகவே பிரித்தானியாவில் காணப்பட்டன. நேர்மையான பதிவுகளின் பேரில் பட்டியலுக்குத் திரும்பின. அப்படியானால் ஹேஸ்டிங்ஸ் பதிவுகள் மெய்யாகிவிட்டனவா? இல்லை. ‘இந்தப் பறவை இந்நாட்டுக்கு வருவதுண்டு’ என்ற கூற்று மெய். ‘இந்த நாளில் இந்த இடத்தில் இதனைக் கண்டேன்’ என்ற சாட்சியம் பொய். உலகம் தற்செயலாக ஒருவன் சொன்னபடி அமைந்துவிடுவதால் அவன் சாட்சியாகிவிடுவதில்லை. தான் கண்டதற்கும் தன் சொல்லுக்கும் இடையேயுள்ள தொடர்பைக் காப்பதே சாட்சியின் வேலை. அந்தத் தொடர்பு அறுந்தபின் சொல் மெய்யானாலும் பொய்யானாலும் ஊகத்துக்கு மேல் மதிப்பில்லை.

பிறிஸ்டோ கடைக்காரர். கேணல் றிச்சர்ட் மைனேட்ஸ்ஹாகன் அப்படியல்லர். பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்து, பிரித்தானியப் படையில் அதிகாரியாக இருந்து, பறவையியலாரெனப் போற்றப்பட்டு 1967இல் காலமானவர். பிறர் சேகரித்துப் பொதுக்காட்சிச்சாலையில் வைத்திருந்த பறவைகளைத் திருடி, அவற்றின் சீட்டை மாற்றி, தாமே வேறோரிடத்தில் பெற்றதாக எழுதி வைத்தவர் அவர் என்பது பிற்காலத்தில் நிறுவப்பட்டது. இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தையொன்றை 1914இல் குஜராத்தில் பெற்றதாக அவர் எழுதியதும் பொய். அது ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்த பறவை. அப்பொய்ச் சீட்டை நம்பியவர்கள் ஆந்தையைப் பிழையான இடத்தில் தேடினார்கள். பொய்யை விலக்கிவிட்டுப் பழைய மெய்ச் சீட்டுகளை வழிகாட்டியாகக் கொண்டு தேடியவர்கள் 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் உயிருள்ள ஆந்தையைக் கண்டார்கள். அவர்களுள் ஒருவர் மேலே நாம் குறிப்பிட்ட அதே பமீலா ராஸ்முசென்.

மைனேட்ஸ்ஹாகன் வாழ்ந்த காலத்திலேயே காட்சிச்சாலையில் அவர்மீது சந்தேகம் எழுந்ததுண்டு. ஆயினும் பல பத்தாண்டுகள் அவருடைய சொல் நூல்களில் நின்றது. காசுக்காகப் பொய் சொல்லும் ஏழையைச் சமுதாயம் வெகு விரைவில் சந்தேகிக்கிறது. பதவியுடையவர் புகழுக்காகச் சொல்லும் பொய்யை நினைத்துப் பார்க்கவே கூசுகிறது.

கேட்பவரின் கடமைக்கு இதுவே வாயில். இதனை நம் கரையோரத்து மக்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் பிறை பார்க்கிறவர்கள் அவர்கள். கல்முனையின் கடல் கிழக்கே கிடக்கிறது; இளம்பிறையோ மேற்கு வானில் தோன்றுவது. ஆகையால் இங்கே பிறை தேடுகிறவர் கடலுக்கு முதுகு காட்டி, வயல் வட்டைகளின் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். சூரியன் விழுந்தபின் சில நிமிடங்களே அவகாசம். முகில் இருந்தால் அதுவுமில்லை. எதிர்பாராத பறவையைப் போலவே பிறையும் ஒருவர் கண்ணுக்குப் பட்டு மற்றவர் திரும்புமுன் மறைந்துவிடும்.

இந்த இக்கட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணிப் பார்த்து விதி வகுத்தவர்கள் சட்ட அறிஞர்கள். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், றமழான் நோன்பைத் தொடங்க நேர்மையாளர் ஒருவரின் சாட்சியம் போதும். நோன்பை முடித்துப் பெருநாள் கொண்டாட இருவர் வேண்டும். ஏன் இந்த வேறுபாடு? நாம் விளங்கிக்கொண்டபடி அதன் உட்கருத்து இது: பாரத்தைச் சுமத்துகின்ற செய்தியைச் சொல்வதால் சொல்பவனுக்கு ஆதாயமில்லை; அதனை ஏற்றுப் பிழைத்தால் ஒரு நாள் கூடுதலாகப் பசித்திருப்போம், அவ்வளவே. பாரத்தை இறக்கிவைக்கின்ற செய்தியை எல்லோரும் கேட்க விரும்புகிறார்கள். விரும்புவதாலேயே எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். எவ்வளவு சாட்சியம் போதும் என்பது, அதனை ஏற்றால் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது.

இன்னொரு விதி இதனினும் நுட்பமானது. ஷவ்வால் பிறையைத் தான் ஒருவனாகக் கண்டு, ஊர் அதனை ஏற்காவிட்டால், அவன் நோன்பை விடவேண்டும். ஆனால் மறைவாக விடவேண்டும். றமழான் பிறையைத் தனியே கண்டவன் ஊர் ஏற்காவிட்டாலும் நோன்பு நோற்க வேண்டும். தன் கண் கண்ட உண்மை அவனைக் கட்டுப்படுத்துகிறது. அதைக் கொண்டு ஊரைக் கட்டுப்படுத்த அவனுக்கு உரிமையில்லை. பறவை பார்ப்பவரின் குறிப்பேட்டுக்கும் நாட்டின் பொதுப் பட்டியலுக்கும் உள்ள உறவும் இதுவே. பொதுப் பட்டியலில் ஏறாத பறவையை ஒருவர் தம் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட வேண்டியதில்லை.

பிறையின் வழக்கிலும் ‘யார் சொன்னார்’ என்ற கேள்வி எழாமலில்லை. பாலைவனத்து நாட்டுப்புற அறபி ஒருவர் வந்து பிறை கண்டதாகச் சொன்னபோது நபிகள் நாயகம் அவருடைய நம்பிக்கையை மட்டும் விசாரித்து, மறுநாள் நோன்பென அறிவிக்கச் செய்தார்கள் என்றொரு ஹதீஸ் உண்டு. அவருடைய குலமும் கல்வியும் கேட்கப்படவில்லை. நம் நாட்டில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலும் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் கூடித் தலைப்பிறையைத் தீர்மானித்து அறிவிக்கின்றன. 2013இல் நோன்புப் பெருநாளையொட்டிக் கிண்ணியாவில் பிறை கண்டதாகச் சொல்லப்பட்டதும், கொழும்பில் அது ஏற்கப்படாததும் பெரிய வாதமாயிற்று. அந்த வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முனையவில்லை. வானியல் கணக்கும் ஒரு சாட்சியே, கண்ணும் ஒரு சாட்சியே. ஆனால் கிழக்கில் எழுந்த கசப்பு பிறையைப் பற்றியது மட்டுந்தானா? தலைநகரத்தின் செவிக்குத் தம் சொல் எவ்வளவு பெறுமதி என்ற பழைய ஐயமும் அதில் கலந்திருந்ததென்றே நாம் எண்ணுகின்றோம்.

செவி கொடுப்பதென்றால் உடனே நம்பிவிடுவதென்று பொருளாகாது. பம்பாயில் சலீம் அலி என்ற சிறுவன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் விளையாட்டுத் துவக்கால் ஒரு சிட்டைச் சுட்டான். தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு திகைத்தான். முஸ்லிம் ஒருவன் உண்ணத்தக்க குருவிதானா இது என்ற சந்தேகம் அவனுக்கு. மாமன் அமீருத்தீன் தையப்ஜி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் அவனை அனுப்பினார். மில்லர்டு சிறுவனென்று விரட்டவில்லை. பறவையை வாங்கிப் பார்த்தார், பெயரைச் சொன்னார், கழகத்திலிருந்த பாடம் செய்த பறவைகளையெல்லாம் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். அங்கே தொடங்கியது இந்தியாவின் மிகப் பெரிய பறவையியலாரின் வாழ்வு. ஆனால் அந்தச் சிறுவன் செல்வாக்குள்ள தையப்ஜி குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. அதே மஞ்சள் திட்டை அதே நாளில் ஒரு கூலிக்காரனின் மகன் கண்டிருந்தால் எந்த இழுப்பறை திறந்திருக்கும்?

அம்பாறைக் கரையோரத்து வட்டைகளில் கதிர் முற்றும் காலத்தில் குருவிக்காவல் நிற்பவர்களைக் கேளுங்கள். எந்தப் பறவை எந்தத் திசையிலிருந்து வரும், எந்தக் கிழமையில் கூட்டம் பெருகும் என்பது அவர்களுக்கு வாழ்வுப் பிரச்சினை. ஆயினும் இலங்கைப் பறவைகளின் வரலாறு பெரும்பாலும் படையதிகாரிகளும் தோட்டத்துரைகளும் நகரத்து ஓய்வுடையோரும் எழுதியது. 1880இல் முடிவுற்ற பெருநூலை எழுதிய லெக் பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி. அந்நூல்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். காவற்காரன் அவற்றில் சாட்சியாக வராமல், பெட்டி சுமப்பவனாகவே வருகிறான் என்பதையும் குறித்துக்கொள்கிறோம். யுத்தம் நடந்த ஆண்டுகளிலோ நிலைமை வேறு விதம். கழுத்தில் தொலைநோக்குக் கண்ணாடி தொங்க வயலோரத்தில் தனியே நிற்கும் ஒருவன், கொக்குப் பார்க்கிறேன் என்று எந்தக் காவலரணில் சொல்லித் தப்பியிருப்பான்? கிழக்கின் பறவைப் பதிவுகளில் அக்காலத்தில் விழுந்த வெற்றிடம் பறவைகள் வராததால் விழுந்ததன்று.

செல்வ நாட்டின் பூங்காவிலும் பார்ப்பவரின் நிறம் பார்க்கப்படுகிறது. நியூயோர்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் 2018 ஒக்டோபரில் கிழக்காசியாவுக்குரிய மாண்டரின் வாத்து ஒன்று தோன்றியபோது, காலில் வளையமிட்ட அந்த வளர்ப்புப் பறவையைக் காண நகரமே திரண்டது. வந்த வாத்துக்கு வரவேற்பு. அதே பூங்காவில் 2020 மே 25ஆம் நாள், கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினப் பறவை ஆர்வலர், நாயைக் கட்டிப் பிடிக்கும்படி ஒரு வெள்ளைப் பெண்ணிடம் கேட்டார். அவ்விடத்தின் விதி அது. அந்தப் பெண் பொலிசாரைத் தொலைபேசியில் அழைத்து, ஆபிரிக்க அமெரிக்கன் ஒருவன் தன் உயிருக்கு அச்சுறுத்தல் விடுக்கிறான் என்றார். கூப்பர் அதனைக் கைத்தொலைபேசியில் படமாக்கியிருந்ததால் உலகம் உண்மையை அறிந்தது. படம் இல்லாதிருந்தால் இரு சொற்கள் எதிரெதிரே நின்றிருக்கும். எது நம்பப்பட்டிருக்கும் என்பதை அந்தப் பெண் நன்கு அறிந்தே அழைத்தார். அதே நாளில்தான் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளொயிட் பொலிசாரின் முழங்காலடியில் உயிரிழந்தார்.

படம் இருந்தால் சொல் எதற்கு என்று சிலர் இன்று கேட்கிறார்கள். இல்லாத பறவையை இல்லாத மரத்தில் இருத்திக் காட்டும் செயற்கை அறிவு வந்துவிட்ட காலத்தில் அந்த ஆறுதலும் நெடுநாள் நிலைக்காது. படத்தை எடுத்தது யார், எங்கே, எப்போது என்று மீண்டும் ஒரு மனிதரின் சொல்லிடமே திரும்பி வருகிறோம்.

இப்போது பெரிய வழக்கு. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பல்வேறு ஆயுதக் கரங்களால் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாது போயினர். கொண்டுசெல்லப்பட்டதைக் கண்டவர் பல வேளைகளில் ஒருவரே: வாசலில் நின்ற தாய், அல்லது மனைவி. 1994 நவம்பரில் நியமிக்கப்பட்ட மூன்று ஜனாதிபதி ஆணைக்குழுக்களில் ஒன்று வடக்கு கிழக்குக்கென அமைந்தது. 1997இல் அவற்றின் அறிக்கைகள் கையளிக்கப்பட்டன. பின்னரும் ஆணைக்குழுக்கள் வந்தன. 2016இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் அமைந்தது. ஒவ்வொரு முறையும் அந்தத் தாய் தன் ஒற்றைச் சாட்சியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. தேதி, நேரம், வாகனம், உடையின் நிறம், வேறு யார் கண்டார்?

ஒருவனைத் தண்டிப்பதற்கு இக்கேள்விகள் எல்லாம் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. ஐயத்தின் பயன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கே சேரவேண்டும். தேடத் தொடங்குவதற்கு எத்தனை சாட்சி வேண்டும்? பாரத்தை ஏற்க ஒருவர் போதும், பாரத்தை இறக்க இருவர் வேண்டும் என்ற விதியைப் பிறையின் விஷயத்தில் நம் ஊர்ச் சிறுவனும் அறிவான். தேடுவது அரசின்மீது விழுந்த பாரம். அதனை ஏற்கும் நேரத்தில், தண்டிப்பதற்குரிய சாட்சியத்தைத் தாயிடம் கேட்டார்கள். அவர் உழைப்பாளி, எழுதப் படிக்கத் தெரியாதவர், மாதத்தைப் பிறைக்கணக்கில் சொன்னவர் என்பவையெல்லாம் அவருடைய சொல்லின் குறைகளாக எண்ணப்பட்டன. அவர்களுட் பலர் இப்போது உயிரோடு இல்லை. எந்த வாகனம், எந்தச் சந்தி, எந்தத் திசை என்று அவர்கள் சொன்னவை கோப்புகளில் கிடக்கின்றன.